களைச்செடியில் ரப்பர் தேடிய முதியவர்

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி வட்டாரத்தில் பயணம் செய்பவர்கள் பல இடங்களில் சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களையே காண்பார்கள். நம் பாட்டனும் பூட்டனும் வாழ்ந்த காலத்தில் அந்த இடங்கள் பலவற்றில் நின்றவை ரப்பர் மரங்கள். பொழுது விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்படும். பிறகு உளியும் வாளியுமாக ஆணும் பெண்ணும் நிரைக்கு நிரை பிரிந்து செல்வார்கள். வெயில் ஏறுவதற்குள் மரத்தைச் சீவி முடித்தால்தான் மங்கில் பால் நிறையும். அந்தப் பால் உறைந்து, தகடாகி, புகைக்கூடத்தில் காய்ந்து, கப்பலேறும். அதில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே அது மோட்டார் வண்டிகளின் சக்கரமாயிற்று.

தோட்டங்களில் இப்படிப் பால் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியில் எண்பது வயது முதியவர் ஒருவர் சாலையோரக் களைச்செடிகளைப் பிடுங்கி எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மலாயாவின் ரப்பர் மரம் இல்லாமலேயே தம் நாட்டு மண்ணில் ரப்பர் எடுக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர் தேடியது கிடைத்திருந்தால் கோத்தா திங்கித் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிழைப்பு என்னவாகியிருக்கும் என்பது ஒரு பெரிய கேள்வி. ஆனால், தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர்தான் தாமஸ் ஆல்வா எடிசன்.

மின்விளக்கு என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் அது. அவருடைய வாழ்க்கையின் கடைசி நான்கு ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரோன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் சில மாதங்களே பள்ளியில் அமர்ந்தார். தாயார் நான்சி முன்பு ஆசிரியராக இருந்தவர். மகனை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். சிறு வயதிலேயே அறிவியல் நூல்களைப் படித்த எடிசன், அவற்றில் உள்ள சோதனைகளைத் தாமே செய்து பார்க்கும் பழக்கத்தை அப்போதே பெற்றார். நூலில் எழுதியிருப்பதைக் கையால் செய்து பார்க்காமல் நம்பக்கூடாது என்ற பிடிவாதம் எண்பது வயதிலும் அவரை விட்டுப் போகவில்லை.

பன்னிரண்டாவது வயதில் இரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் இரசாயனப் புட்டிகளை அடுக்கிவைத்து ஓடும் இரயிலிலேயே ஆய்வு செய்தார். சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி ஒரு வார இதழையும் அச்சிட்டு விற்றார். 1862ஆம் ஆண்டு, நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை, உருண்டு வந்த இரயில் பெட்டியிடமிருந்து காப்பாற்றினார். அக்குழந்தை நிலைய அதிகாரியின் மகன். அதற்கு நன்றியாக அந்த அதிகாரி எடிசனுக்குத் தந்தி அனுப்பும் கலையைக் கற்றுக்கொடுத்தார்.

இளமையிலேயே அவருடைய செவித்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் சோர்ந்து போயிருக்கலாம். வீண் பேச்சு காதில் விழாததால் வேலையில் மனம் ஒன்றுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அது உண்மையான ஆறுதலா, ஊருக்குக் காட்டிய துணிச்சலா என்று நம்மால் சொல்ல முடியாது.

1869ஆம் ஆண்டு அவர் முதல் காப்புரிமையைப் பெற்றார். சட்டமன்றத்தில் வாக்குகளை விரைவாக எண்ணும் மின்கருவி அது. கருவி நன்றாக வேலை செய்தது. வாங்கத்தான் ஆளில்லை. வாக்கெடுப்பு மெதுவாக நடப்பதையே அரசியல்வாதிகள் விரும்பினார்கள். யாருக்கும் தேவைப்படாத ஒன்றைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டார் எடிசன். ஒரு பொருளைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. அதை மக்கள் வாங்கும் விலையில் செய்ய வேண்டும். இந்த விலைக் கணக்கு அவருடைய வாழ்க்கையின் முடிவில் மீண்டும் வந்து நின்றது.

1876ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அடுத்த ஆண்டே ஒலியைப் பதிவு செய்து மீண்டும் கேட்கவைக்கும் கருவி அங்கே பிறந்தது. 1879ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கரியாக்கப்பட்ட பருத்தி நூலைக்கொண்டு மின்விளக்கை நீண்ட நேரம் எரியவைத்தார். அவருக்கு முன்பே வேறு சிலரும் மின்விளக்குகளைச் செய்திருந்தார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய, மலிவான, நெடுநேரம் எரியும் விளக்கையும், அதற்கு மின்சாரம் தரும் முழு அமைப்பையும் உருவாக்கியதே எடிசனும் அவருடைய உதவியாளர்களும் செய்த சாதனை. 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் ஒரு பகுதியில் அவருடைய மின்நிலையத்தின் ஒளி பரவியது.

இந்த இடத்தில் ஒரு தாவரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பருத்தி நூலைவிட நீடித்து எரியும் இழை ஒன்றை எடிசன் தேடினார். கையில் கிடைத்த நார், புல், மரச்சீவல் என்று ஆயிரக்கணக்கான தாவரப் பொருள்களைக் கரியாக்கிப் பார்த்தார். முடிவில் மூங்கில் சிறந்தது என்று தெரிந்தது. எந்த ஊர் மூங்கில் மிகச் சிறந்தது என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை காண ஆள்களைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். ஜப்பானிய மூங்கில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பல ஆண்டுகள் அவருடைய விளக்குகளுக்குள் எரிந்தது ஜப்பானிய மூங்கிலே. அதன்பிறகும் அவர் தேடலை நிறுத்தவில்லை. 1888ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரிக்கல்டன் என்ற பள்ளி ஆசிரியரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இன்னும் கிழக்கேயும் அனுப்பி, மூங்கில்களைச் சேகரிக்கச் செய்தார். செடிகொடிகளில் ஒளிந்திருப்பதைப் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போதே வேரூன்றிவிட்டது.

எடிசன் தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை. மாறுதிசை மின்சாரம் நெடுந்தூரம் செல்ல ஏற்றது என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதை எதிர்த்து நின்று தோற்றார். தரம் குறைந்த இரும்புக் கனிமத்தைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் முயற்சியில் 1890களில் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். 1914ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெஸ்ட் ஆரஞ்சு நகரிலிருந்த அவருடைய தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீக்கிரையாயின. அப்போது அவருக்கு வயது 67. அவர் அவற்றை மீண்டும் கட்டினார்.

அதே 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. இசைத்தட்டுகள் செய்ய அவருக்குத் தேவைப்பட்ட பீனால் என்னும் இரசாயனம் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அந்த வரத்து அடைபட்டது. எடிசன் தாமே ஒரு தொழிற்சாலையை அமைத்துப் பீனால் செய்துகொண்டார். கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு பொருளை நம்பி நாடு இருப்பது ஆபத்து என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அப்படி வரும் பொருள்களில் மிகப் பெரியது எது என்று எண்ணிப் பார்த்தால் விடை உடனே கிடைக்கும். அது ரப்பர்.

ரப்பர் மரத்தின் சொந்த ஊர் பிரேசில். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அதன் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி கண்டறிந்த பிறகு மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டங்களில் உழைக்கத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள்.

போருக்குப் பிறகு ரப்பர் விலை மிகவும் சரிந்தது. தோட்ட முதலாளிகள் பிரிட்டிஷ் அரசிடம் முறையிட்டார்கள். 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் ரப்பரின் அளவுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதற்கு ஸ்டீவன்சன் திட்டம் என்று பெயர். சந்தைக்கு வரும் ரப்பர் குறைந்தால் விலை உயரும் என்பதே திட்டத்தின் நோக்கம். விலை உயர்ந்தது. 1925ஆம் ஆண்டில் அது பலமடங்கு ஏறிவிட்டது. உலகில் விளைந்த ரப்பரில் பாதிக்கும் மேல் வாங்கிய அமெரிக்கா கொதித்தது.

எடிசனின் இரண்டு நண்பர்களுக்கு இது பெருந்தலைவலி. ஒருவர் ஹென்றி போர்ட். மாடல் டி என்னும் ஒரே வகை மோட்டார் வண்டியை 15 மில்லியன் எண்ணிக்கையில் செய்து விற்றவர். மற்றவர் ஹார்வி பயர்ஸ்டோன், சக்கர உறைகள் செய்யும் நிறுவனத்தின் உரிமையாளர். மூவரும் ஆண்டுதோறும் கூடாரம் அடித்துத் தங்கி ஊர் சுற்றும் அளவுக்கு நெருங்கிய நண்பர்கள். பயர்ஸ்டோன் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ரப்பர் நட்டார். போர்ட் பிரேசில் காட்டில் போர்ட்லாண்டியா என்ற ஊரையே உருவாக்கித் தோட்டம் போட்டார். அங்கே இலைநோய் வந்து மரங்களை அழித்தது. எடிசன் இருவரையும்விட வேறுவிதமாக யோசித்தார். வெப்பமண்டலத்துக்கு ஏன் போக வேண்டும்? ரப்பர் மரம் பால் தரவே ஐந்தாறு ஆண்டுகளாகும். போர் வந்தால் யார் அவ்வளவு காலம் காத்திருப்பார்கள்? நெல்லைப் போல் ஒரே பருவத்தில் விளைந்து, இயந்திரத்தால் அறுவடை செய்யக்கூடிய ரப்பர்ச் செடி ஒன்று அமெரிக்க மண்ணில் இருக்காதா? மூவரும் சேர்ந்து 1927ஆம் ஆண்டு எடிசன் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எடிசனுக்கு அப்போது 80 வயது.

தெற்கு மாநிலமான புளோரிடாவில் போர்ட் மையர்ஸ் என்ற ஊர் உள்ளது. குளிர்காலத்தைக் கழிப்பதற்காக எடிசன் 1885ஆம் ஆண்டே அங்கு நிலம் வாங்கியிருந்தார். அங்கு ஒரு புதிய ஆய்வுக்கூடம் 1928ஆம் ஆண்டு கட்டப்பட்டது. ஆள்கள் நாடெங்கும் புறப்பட்டார்கள். இரயில் பாதையோரம், சதுப்பு நிலம், தரிசு, தோட்டம், மலைச்சரிவு என்று கண்ட இடங்களிலெல்லாம் செடிகளைப் பிடுங்கி அனுப்பினார்கள். எடிசனும் காரை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்தில் இறங்கிச் செடிகளைப் பறித்தார். வந்து சேர்ந்த செடி ஒவ்வொன்றும் காயவைக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டது. அதில் எவ்வளவு ரப்பர் உள்ளது என்பது குறிப்பேட்டில் எழுதப்பட்டது. இவ்வாறு சோதிக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கை 17,000ஐ எட்டியது.

முதலில் மடகாஸ்கரிலிருந்து வந்த கொடி ஒன்றின்மீது அவருக்கு நம்பிக்கை பிறந்தது. அதில் நல்ல ரப்பர் இருந்தது. இயந்திரத்தால் அறுவடை செய்யத்தான் வழியில்லை. மெக்சிகோவிலும் டெக்சாசிலும் வறண்ட மேட்டு நிலங்களில் வளரும் குவாயூலே என்ற புதர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. ஆனால், அது முற்றுவதற்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. எடிசனுக்கு அந்தப் பொறுமை இல்லை. எண்பது வயதில் ஒரு மனிதர் அவசரப்படுவதை நாம் குறை சொல்ல முடியுமா?

கடைசியாக அவர் கண்ணில் நிலைத்தது கோல்டன்ராட். தங்கக்கோல் என்று அதன் பெயருக்குப் பொருள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச்செடி. மெல்லிய தண்டின் உச்சியில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதற்கு இந்தச் செடி நல்ல சான்று. அமெரிக்காவின் மேற்கே வறண்ட மலைநாட்டில் குள்ளக் கோல்டன்ராட் ஒன்று வளர்கிறது. தாமஸ் நட்டால் என்ற தாவர அறிஞர் அதற்கு நானா என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அதற்குக் குள்ளமானது என்று பொருள். ஒரு சாண் உயரத்திலேயே அது பூத்துவிடும். இலைகளைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய சாம்பல்நிற மயிர்கள் ஈரம் வற்றிப்போகாமல் காக்கின்றன. தெற்கே ஈரமான தாழ்நிலத்தில் வளரும் உறவினச் செடிகளோ ஆள் உயரத்தையும் தாண்டி வளர்பவை.

கோல்டன்ராட் பூக்கும் காலத்தில் தும்மல் நோய் பரவுவதால் மக்கள் இந்தச் செடியின்மீது பழி போட்டார்கள். உண்மையில் இதன் மகரந்தம் கனமானது, காற்றில் பறக்காது, பூச்சிகளின் காலில் ஒட்டியே போகும். பக்கத்தில் பூவே தெரியாமல் நிற்கும் வேறொரு களைதான் தும்மலுக்குக் காரணம். செய்யாத குற்றத்தைச் சுமந்த இந்தச் செடியைத்தான் எடிசன் தேர்ந்தெடுத்தார்.

இந்தச் செடியில் ரப்பர் எங்கே இருக்கிறது? நம் தோட்டத்து மரத்தைப் போல் இதைச் சீவினால் பால் வழியாது. ரப்பர் பெரும்பாலும் இலைகளின் உள்ளே மிக நுண்ணிய துளிகளாக அடைபட்டுக் கிடக்கும். எனவே இலைகளை உதிர்த்து, உலர்த்தி, பொடியாக்க வேண்டும். ஒரு கரைப்பானைக்கொண்டு முதலில் பிசினை நீக்க வேண்டும். பிறகு வேறொரு கரைப்பானில் ரப்பரைக் கரைத்துப் பிரிக்க வேண்டும். மங்கை வைத்துவிட்டு மரம் தரும்வரை காத்திருக்கும் வேலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

காட்டில் கிடைத்த செடிகளில் ரப்பர் சில விழுக்காடுதான் இருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளுக்குள்ளும் ஒன்றில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பதை எடிசன் கவனித்தார். கூடுதலாக உள்ளவற்றைப் பிரித்து வளர்த்தார். அவற்றிலிருந்து இன்னும் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்தார். உழவர்கள் விதைநெல்லைப் பொறுக்கி எடுப்பதைப் போன்ற வேலைதான் இதுவும். கோல்டன்ராட் இனங்களில் லீவன்வொர்த்தி என்பதே அவருக்கு மிகவும் பயன்பட்டது. அவருடைய பாத்திகளில் செடிகள் ஏறக்குறைய 12 அடி உயரம் வளர்ந்தன. ரப்பரின் அளவு 12 விழுக்காடுவரை உயர்ந்தது. நான்கே ஆண்டுகளில், அதுவும் ஒரு களைச்செடியில், இது சிறிய முன்னேற்றம் அன்று.

ஆயினும் அந்த ரப்பரில் ஒரு குறை இருந்தது. மரத்திலிருந்து வரும் ரப்பரோடு ஒப்பிட்டால் அது மென்மையானது, பிசுபிசுப்பானது, உறுதி குறைந்தது. அதைவிடப் பெரிய குறையை உலகச் சந்தை கொண்டுவந்தது.

1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஸ்டீவன்சன் திட்டம் கைவிடப்பட்டது. கட்டுப்பாட்டில் சேராத டச்சுக் குடியேற்ற நாடுகள் அதற்குள் ஏராளமாக ரப்பரை விளைவித்துவிட்டன. அடுத்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மின்விளக்கின் ஐம்பதாம் ஆண்டு விழா போர்டின் ஏற்பாட்டில் மிகச் சிறப்பாக நடந்தது. அதிபர் ஹூவர் வந்து சிறப்பித்தார். உடல் தளர்ந்திருந்த எடிசன் அந்த நாளைக் கடக்கவே பாடுபட்டார். விழா முடிந்த சில நாள்களில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்தது. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. கார் வாங்க ஆளில்லை, ஆகவே ரப்பர் வாங்கவும் ஆளில்லை. ஒரு பவுண்டு ரப்பரின் விலை சில காசுகளுக்கு இறங்கியது. அவ்வளவு மலிவாக மலாயா ரப்பர் கிடைக்கும்போது கோல்டன்ராட்டை அரைத்துக் கரைத்து ரப்பர் எடுப்பதற்கு எந்த முதலாளி முன்வருவார்?

எடிசனின் கனவைக் குலைத்த அந்த விலை வீழ்ச்சி நம் மக்களின் வாழ்வையும் குலைத்தது. மலாயாவின் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. வேலை செய்த பலர் நிறுத்தப்பட்டார்கள். 1930ஆம் ஆண்டிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்கள் அதே பெட்டியோடு திரும்பினார்கள். கோல்டன்ராட் வெற்றி பெற்றிருந்தால் அவர்களுக்கு இதே கதிதான் வந்திருக்கும். அது தோற்றபோதும் அந்தக் கதியே வந்தது. புளோரிடாவில் இலையை அரைத்தவருக்கும் ஜொகூரில் மரத்தைச் சீவியவருக்கும் இடையே ஓர் அறிமுகமும் இல்லை. ஆனால், இருவரின் தலைவிதியையும் எங்கோ தொலைவில் ஒரு சந்தையில் எழுதப்பட்ட விலையே முடிவு செய்தது.

எடிசன் வேலையை நிறுத்தவில்லை. விலை இன்று விழுந்தாலும் நாளை போர் வந்தால் இந்தச் செடி தேவைப்படும் என்று அவர் நம்பினார். 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் வெஸ்ட் ஆரஞ்சிலிருந்த தம் இல்லத்தில் அவர் மயங்கி விழுந்தார். அதன்பிறகு அவர் உடல்நலம் தேறவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் அதிகாலையில், 84ஆம் வயதில் உயிர் பிரிந்தது. அவர் பெயரில் அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள் இருந்தன. அவற்றில் பல, உதவியாளர்கள் இரவு பகலாகச் செய்த உழைப்பின் பயன் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அடக்கம் நடந்த அக்டோபர் 21ஆம் நாள் இரவு, அதிபரின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்க மக்கள் ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்தார்கள். அவருடைய விளக்கு முதன்முதலில் எரிந்து அன்றோடு 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் அஞ்சிய போர் பத்தே ஆண்டுகளில் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மாதம் ஜொகூருக்குள் நுழைந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது அடியோடு நின்றது. இங்கே தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. எத்தனையோ தமிழர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. அங்கே அமெரிக்க அரசு எடிசனின் செடிகளை நினைவுகூர்ந்தது. அவருடைய கோல்டன்ராட் வகைகள் அதற்குள் அரசின் வேளாண்துறையிடம் வந்து சேர்ந்திருந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் அவற்றை மீண்டும் பயிரிட்டுச் சோதித்தார்கள். குவாயூலேயையும் பெரிய அளவில் நட்டார்கள். ஆனால், பந்தயத்தில் முந்தியது எந்தச் செடியும் அன்று. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பர்தான் போர்க்கால வண்டிகளை ஓட்டியது. கோல்டன்ராட் மீண்டும் சாலையோரத்துக் காட்டுச்செடியாகவே ஆயிற்று.

போர்ட் மையர்சில் எடிசனின் ஆய்வுக்கூடம் இன்றும் இருக்கிறது. அரைக்கும் இயந்திரங்களையும், வரிசையாக நிற்கும் கண்ணாடிப் புட்டிகளையும் மக்கள் வந்து பார்த்துச் செல்கிறார்கள். 2014ஆம் ஆண்டு அமெரிக்க இரசாயனச் சங்கம் அதை வரலாற்றுச் சிறப்புமிக்க இடமாக அறிவித்தது. அங்கே நம்மவர்கள் போனால் கூடத்தைவிட முதலில் வேறொன்றுதான் கண்ணில் படும். ரப்பருக்கு உதவக்கூடிய பால் அதில் இருக்குமா என்று பார்க்க, பயர்ஸ்டோன் இந்தியாவிலிருந்து தருவித்துக் கொடுத்த ஓர் ஆலங்கன்றை 1920களின் நடுவில் எடிசன் அங்கு நட்டுவைத்தார். அப்போது அது நான்கடி உயரம். நம் கோவில் வாசல்களில் நிற்பதைப் போன்றே விழுதுகளை இறக்கி, இன்று ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்துக்கு நிழல் பரப்பி நிற்கிறது.